கோட்டை விட்டு இறங்காத பொடி

என்னங்க,

மாமாவுக்கு மசித்த காய் அடுப்பு மேடையில் மூடி வைத்திருக்கிறேன். டீ கேட்டால் கெட்டியாக்கும் பொடி இரண்டு கரண்டி கலந்து, நிமிர்த்தி உட்காரவைத்துக் கொடுங்கள்.

பொடி டப்பாவில் மட்டத்துக்குப் பேனாக் கோடு போட்டிருந்தேன். மூன்று நாளாகப் பொடி கோட்டை விட்டு இறங்கவில்லை. கல்யாணமான நாளிலிருந்து ஒரு டம்ளர் கழுவாதவர், நேற்று ஒன்றைக் கழுவிக் கவிழ்த்திருக்கிறீர்கள். ஆஸ்பத்திரியில் நாள் முழுக்க விழுங்கும் பயிற்சி கொடுப்பவள் கண்ணிலேயே மண்ணைத் தூவுகிறீர்களா? பொடி கலக்காத வெறும் டீ புரையேறி நுரையீரலுக்குள் போனால் மறுபடி காய்ச்சல், மறுபடி ஆஸ்பத்திரிதான்.

வியாழக்கிழமை விழுங்கும் பரிசோதனையில் அவர் தேறிவிட்டால் முதல் வெறும் டீயை நானே போட்டுத் தருகிறேன்.

சாவி ஆணியில்.

பி.கு: நீங்கள் நடக்கப் போனதும் மாமாவிடமே கேட்டேன். "அவன் ஒண்ணும் குடுக்கலம்மா" என்றார். அதைச் சொன்ன குரலிலேயே டீ களகளத்தது.