காலியாக வந்த தட்டுகள்

அன்பு மகனுக்கு அம்மா எழுதுவது.

நீ எந்தக் கடலில் இருந்தாலும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும். இங்கே எல்லோரும் நலம் என்று அடுத்த வரி எழுதுவதுதான் வழக்கம், இந்தத் தடவை அந்த வரி எனக்கு வாயில் வரவில்லை. உன் பிள்ளை வாண்டு என் தோளில் தூங்குகிறான், கீழே கிடத்தினால் விழித்துக்கொண்டு அம்மா எங்கே என்று ஆரம்பித்துவிடுவான், அதனால் நான் சொல்லச் சொல்ல உன் தங்கை எழுதுகிறாள். நான் பேசுவதை அப்படியே எழுதாமல் பள்ளிக்கூடத்துக் கட்டுரை மாதிரி திருத்தி எழுதுகிறாள், எழுதட்டும், விஷயம் ஒன்றுதான். மற்றதற்கு முன்னால் இதைப் படித்துவிடு. உன் மனைவி ஆஸ்பத்திரியில் இருக்கிறாள், உயிருக்குப் பயமில்லை என்று டாக்டர் இன்னும் சொல்லவில்லை, பார்க்கலாம் என்றுதான் சொல்கிறார். வயிற்றில் இருக்கிற குழந்தைக்கு இதயம் துடிக்கிறது, ஸ்கேன் திரையில் நானே பார்த்தேன். உன் கப்பல் கம்பெனி ஆபீஸுக்குப் போய்ச் சொல்லிவிட்டேன், அவர்கள் உனக்கு இரண்டு வரிதான் அனுப்புவார்களாம், இரண்டு வரியைப் படித்துவிட்டு நீ எதையெதையோ நினைத்துக்கொள்வாய், அதனால்தான் முழுவதையும் இதில் எழுதி, அடுத்த துறைமுகத்தில் உன் கையில் கிடைக்கும்படி அவர்களிடமே கொடுக்கப்போகிறேன்.

மசக்கை, கொஞ்சம் வாந்தி, அவ்வளவுதான் என்று உன்னிடம் போனில் சொல்லிக்கொண்டிருந்தாள் அல்லவா, அது கொஞ்சம் இல்லை. விடிந்ததும் தொடங்கினால் படுக்கும்வரை ஓயாது, தண்ணீர் குடித்தால் தண்ணீர் வரும், ஒன்றும் குடிக்காவிட்டால் மஞ்சளாகப் பித்தம் வரும். நீ கூப்பிட்டபோதெல்லாம் வாயைக் கொப்பளித்துவிட்டு, மடியில் பிளாஸ்டிக் பேசினை வைத்துக்கொண்டுதான் உன்னோடு சிரித்துப் பேசினாள். அவர் நடுக்கடலில் இருந்துகொண்டு என்ன செய்வார் அத்தை, சொல்லாதீங்க என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள், நானும் சரி என்று விட்டேன். வாசனை ஒன்றுகூட ஆகவில்லை அவளுக்கு. நான் கேண்டீனிலிருந்து வந்தால் என் புடவையில் வெங்காயம் வதக்கிய வாடை இருக்கும் என்று, கீழ்வீட்டுத் தையல்காரி கடையிலேயே மாற்றுப் புடவை வைத்திருந்து உடுத்திக்கொண்டுதான் மாடி ஏறுவேன். தையல்காரி கேலி செய்வாள், அக்கா வீட்டுக்குப் போறீங்களா நாடகத்துக்குப் போறீங்களா என்று. உன் தங்கை நூலகத்திலிருந்து எடுத்து வரும் பழைய புத்தகத்தின் வாடைகூட ஆகாமல் போய், அவள் படிக்கட்டில் உட்கார்ந்துதான் படித்தாள். இதற்கு நடுவில் வாண்டு. இரண்டு வயதுப் பிள்ளைக்கு என்ன தெரியும், தூக்கு தூக்கு என்று அம்மா மேலேயே ஏறுவான், அவள் பேசினைப் பிடித்துக் குனிந்தால் இவனும் ஒரு கிண்ணத்தை எடுத்துவந்து பக்கத்தில் குனிந்து உவ்வே என்பான். முதலில் சிரித்தோம்.

சாப்பாட்டை நான் விட்டுவிடவில்லை என்று நீ நம்ப வேண்டும். வேலைக்குப் போகுமுன் ரொட்டி, அவித்த உருளைக்கிழங்கு, நறுக்கிய ஆப்பிள் என்று வாடை இல்லாததாகப் பார்த்து அவளுக்கும் பிள்ளைக்குமாக ஒரு தட்டில் நிறைய வைத்து மூடி, அவள் அறையிலேயே வைத்துவிட்டுப் போவேன். திரும்பி வந்து பார்த்தால் தட்டு காலியாக இருக்கும். இத்தனை வருஷம் கேண்டீனில் வேலை பார்க்கிறேன், கழுவ வருகிற தட்டைப் பார்த்தே யார் பசியாறினார்கள், யார் கிளறிவிட்டு எழுந்து போனார்கள் என்று சொல்லிவிடுவேன், உனக்கே தெரியும். ஓரத்தில் ஒதுக்கி வைத்திருந்தால் பிடிக்கவில்லை, நடுவில் குழி செய்திருந்தால் மனசு சரியில்லை, தூள்கூட மிச்சமில்லாமல் வந்தால் நன்றாகச் சாப்பிட்டிருக்கிறார்கள். அவள் தட்டு தூள்கூட மிச்சமில்லாமல் வந்தது. வாந்தி எடுத்தாலும் உள்ளே போவது போகிறது என்று நான் நிம்மதியாக இருந்தேன். அவள் முகம் வற்றிக்கொண்டே போனதையும் வாண்டுவின் கன்னம் உப்பிக்கொண்டே போனதையும் பார்த்தேன், பார்த்தும் இரண்டையும் சேர்த்துப் பார்க்கத் தெரியவில்லை. உன் தங்கை பள்ளி நூலகத்தில் எதையோ படித்துவிட்டு வந்து, நாக்கு காய்ந்து கண் குழிந்தால் ஆபத்தாம் அம்மா, அண்ணி கண்ணைப் பாருங்க என்றாள். புத்தகத்தில் ஆயிரம் போட்டிருப்பான், நானும் இரண்டு பெற்றவள்தான் என்று அதட்டிவிட்டேன். இதை எழுத வேண்டாம் என்கிறாள், எழுது என்றேன்.

அன்றைக்குக் கேண்டீனில் தண்ணீர் வராமல் அடுப்பை அணைத்து எங்களை மதியத்திலேயே அனுப்பிவிட்டார்கள். வந்து தட்டினால் கதவு உள்ளே தாழ். அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன், பதில் இல்லை. உள்ளே வாண்டு மட்டும் பேசிக்கொண்டிருந்தான், அழவில்லை, யாரிடமோ கெஞ்சுகிற மாதிரி மெதுவாக, ஒண்ணு, ஒண்ணே ஒண்ணு என்று. அந்தக் குரல் இன்னும் என் காதை விட்டுப் போகவில்லை. மேல்தாழ் அவனுக்கு எட்டாது, அடுப்படியில் கத்தி இருக்கிறது, குளியலறையில் வாளி நிறையத் தண்ணீர் இருக்கிறது, எது எங்கே இருக்கிறது என்று எனக்குத்தானே தெரியும், ஒவ்வொன்றாக நினைவுக்கு வர, படிக்கட்டில் நின்று தையல்காரியைக் கத்திக் கூப்பிட்டேன். தையல்காரி மேலே ஓடிவந்து, கத்தரிக்கோலை இடுக்கில் விட்டு நெம்பியும் ஆகாமல் கடைசியில் தோளால் மோதித்தான் தாழைப் பிய்த்தாள். உன் மனைவி குளியலறை வாசலில் ஒருக்களித்துக் கிடந்தாள். பக்கத்தில் தட்டோடு வாண்டு உட்கார்ந்து ரொட்டியைப் பிய்த்து அவள் வாயில் வைத்துக்கொண்டிருந்தான், அம்மாக்கு ஒண்ணு, எனக்கு ஒண்ணு என்று. அவனுக்கானது வயிற்றுக்குள் போயிருந்தது, அவளுக்கானது எல்லாம் உதட்டிலும் கன்னத்திலும் ஒட்டிக்கொண்டிருந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகும் ஆட்டோவில், தினமும் அம்மா சாப்பிடுவாளா என்று நான் வாண்டுவிடம் கேட்டதற்கு, நான் சாப்பிடுவேன், அம்மா உவ்வே என்றான். அப்போதுதான் எனக்குத் தட்டின் கணக்கு புரிந்தது. தனக்கு வைத்ததையும் பிள்ளைக்கே ஊட்டி, மிச்சம் இருந்தால் நான் கேட்பேன், கேட்டால் உனக்குச் சொல்வேன் என்று துடைத்து வைத்திருக்கிறாள்.

ஆஸ்பத்திரி போய்ச் சேர்வதற்குள் அவள் கண் விழித்துவிட்டாள். அங்கே டாக்டரம்மா முதலில் கேட்டது கடைசியாக எப்போது சிறுநீர் போனாய் என்று. அவளுக்கு நினைவில்லை. அவள் புறங்கைத் தோலைக் கிள்ளி விட்டார், கிள்ளியது கிள்ளியபடியே நின்றது, நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். இது எல்லோருக்கும் வருகிற மசக்கை இல்லை, உடம்பு தன்னையே தின்ன ஆரம்பித்துவிட்டது, ரத்தத்தில் இருக்க வேண்டிய உப்புகள் இறங்கிவிட்டன, அது இதயத்தைத் தொடும், இன்னும் தாமதித்திருந்தால் என்று நிறுத்திக்கொண்டார். ஊசி போட நரம்பே அகப்படவில்லை, ஒரு கையில் தேடி மறு கையில் தேடி, எல்லா நரம்பும் லீவு போட்டுட்டுப் போயிருக்கும்மா என்று நர்ஸ் சிரிக்க வைக்கப் பார்த்தாள், உன் மனைவி சிரிக்கத்தான் முயன்றாள், உதடு வெடித்து ரத்தம் வந்தது. இப்போது இரண்டு கையிலும் டிரிப் ஏறுகிறது. வாந்தி நிறுத்தவும் மருந்து போகிறது, நேற்றைவிடக் குறைவு என்கிறார்கள். ஒரு ஸ்பூன் தண்ணீர் குடித்து அது உள்ளேயே நின்றது என்று நர்ஸ் சொன்னபோது, உன் தங்கை ஏதோ பரீட்சையில் முதலாவதாக வந்தவள் போல வராந்தாவில் ஓடிவந்தாள்.

இனி எழுதச் சொல்வதை எப்படி எழுதுவது என்று உன் தங்கை பேனாவை நிறுத்திக்கொண்டு என்னைப் பார்க்கிறாள். இன்று காலை உன் மனைவி என்னைக் கிட்டே கூப்பிட்டாள். அத்தை, இந்தக் குழந்தை வேண்டாம்னு தோணுது, என்னால முடியல, வாண்டுவை அம்மா இல்லாம விட்டுடுவேனோன்னு பயமா இருக்கு, நான் இப்படி நினைக்கிறது பாவமா என்று கேட்டாள். அழுதாள் என்று சொல்ல வந்தேன், கண்ணில் நீர் வரவில்லை, உடம்பில் நீர் இருந்தால்தானே. பாவம் இல்லைடி, முதல்ல நீ பிழைச்சு எழுந்திரு, மற்றதை அப்புறம் பார்ப்போம் என்று மட்டும் சொன்னேன். டாக்டரம்மாவிடமும் அவளையே பேசச் சொன்னேன். அவரும் கோபப்படவில்லை, இந்த வியாதி வந்தவர்கள் பலர் இதைச் சொல்வார்கள், மருந்து பிடித்தபிறகு மனசு எங்கே நிற்கிறது என்று அவளே பார்த்துச் சொல்லட்டும், எதுவானாலும் கூட இருப்போம் என்றார். மருந்து பிடிக்குமா என்று நான் கேட்டதற்கு, பார்க்கலாம் என்றார். இந்தப் பார்க்கலாம் என்ற வார்த்தையை இதோடு எத்தனை தடவை கேட்டுவிட்டேன்.

நான் வேலைக்குப் போகவில்லை, பெரிய சமையல்காரரிடம் சொல்லிவிட்டேன், அவர் உன் இடம் எங்கேயும் போகாதும்மா, போய் அந்தப் பொண்ணைப் பார் என்றார். பகலில் வாண்டுவைத் தையல்காரி வைத்துக்கொள்கிறாள், துணித் துண்டுகளைத் தரையில் பரப்பி விளையாடுகிறான். சாயங்காலம் இங்கே தூக்கி வந்தால் வார்டுக்குள் விடமாட்டார்கள், கண்ணாடிக் கதவுக்கு இந்தப் பக்கம் நின்று அவன் கையாட்ட, அந்தப் பக்கம் கட்டிலில் அவள் டிரிப் குழாயோடு கையைத் தூக்கிக் காட்டுவாள். அவ்வளவுதான் இப்போது அவர்களுக்குள் பேச்சு.

நீ வர வேண்டும். உன் மனைவி வரச்சொல்லி எழுத வேண்டாம் என்கிறாள், நான் எழுதுகிறேன். கேப்டனிடம் கேட்டு இந்தக் கடிதம் கிடைத்த துறைமுகத்திலேயே இறங்கிவிடு, இயந்திர அறைக்கு வேறு ஆள் கிடைப்பான். இறங்கும் அவசரத்தில் படிகளில் பார்த்து இறங்கு, வெறும் வயிற்றோடு பயணம் செய்யாதே. எங்கள் எல்லோருடைய ஆசியும் உன்னோடு வருகிறது, வாண்டுவின் முத்தம் ஒன்றும் சேர்த்து. ஒன்றை மட்டும் மறக்காதே. வழியில் போன் கிடைத்தால் பேசு, ஆனால் குழந்தை எப்படி இருக்கிறது என்று தொடங்காதே, எல்லோரும் வந்து அதைத்தான் கேட்கிறார்கள், கேட்கும்போதெல்லாம் அவள் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்கிறாள். நீ எப்படி இருக்கிறாய் என்று கேள். கேட்டுவிட்டு, அவள் பதில் சொல்கிறவரை பேசாமல் இரு.

உன்னைக் கண்ணால் பார்க்கிறவரை கலங்கிக்கொண்டிருக்கும்,
அம்மா
(எழுதியது உன் தங்கை)