கழலாத டீசல் ஃபில்டர்

தம்பி,

நீ அசந்து தூங்குகிறாய், எழுப்பவில்லை. நான் பஸ்ஸிலேயே வேலைக்குப் போகிறேன். கஞ்சி அடுப்பின் மேல் மூடியிருக்கிறது. எட்டு மணிக்கு அப்பாவுக்குச் சூடாக்கி ஊட்டு. அவசரப்படாதே, புரையேறிவிடும்.

மூன்று ஞாயிற்றுக்கிழமையாக வேனுக்கு அடியில் படுத்துக்கொண்டு, "டீசல் ஃபில்டர் அசைய மாட்டேங்குதுக்கா" என்று புலம்பினாயே. நானும் அதை நம்பி, துருவை இளக்கும் எண்ணெய் வாங்கிவந்து, இன்று காலை குனிந்து பார்த்தேன். புது ஃபில்டர் பளபளவென்று உட்கார்ந்திருக்கிறது. சாவியைத் திருப்பியதும் வண்டி கிளம்பிவிட்டது. அந்தச் சத்தத்துக்கும் நீ புரளவில்லை.

அந்த வேனில் அப்பாவைக் கொண்டுபோய் முதியோர் இல்லத்தில் விட உனக்கு மனசில்லை என்றால், என் முகத்தைப் பார்த்துச் சொல்லியிருக்கலாம். திட்டியிருப்பேன், அவ்வளவுதானே? அவரைத் தூக்கி, புரட்டி, துடைத்துவிடுவது நான்தான். என் இடுப்பு படும் பாடு உனக்கும் தெரியும்.

வண்டி ரிப்பேர், அடுத்த வாரம் வருகிறோம் என்று இல்லத்துக்குப் போன் பண்ணிச் சொல்லிவிட்டேன். அதற்கு மேல் என்னால் முடியாது.

அக்கா

இதை எழுத விட்டுவிட்டேன். இஞ்சின் சத்தத்தில் அப்பா விழித்துக்கொண்டார். "வண்டி சரியாயிடுச்சாம்மா? அப்போ சட்டையை மாட்டிவிடு" என்றார். சாவியை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு, "இல்லப்பா, ஃபில்டர் இன்னும் கழலல" என்றேன்.

தலையைத் தலையணையில் திரும்பச் சாய்த்துக்கொண்டார். பிறகு சொன்னார்: "அவசரமில்ல. அவனை மெதுவாவே கழட்டச் சொல்லு."