இடது கைக்கு ஒரு மடக்குக் கத்தி

மார்ச் 3, திங்கள்

இன்று ஒரு வாத்தியார் வீட்டைக் காலி செய்தோம். மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது, வீடு முழுக்கப் புத்தகம். வீடு மாற்றிக் கொடுக்கும் தொழிலில் பியானோவைக்கூட மன்னித்துவிடலாம், புத்தகத்தை மன்னிக்க முடியாது. டிரைவர் அண்ணன் இரண்டாவது நடையிலேயே, "இவ்ளோ படிச்ச மனுஷனுக்குக் கீழ்வீடு பாக்கத் தெரியலையே" என்றார்.

மத்தியானம் அலமாரியைச் சுற்றியிருந்த நைலான் கயிற்றை அறுத்தேன். கயிறு பட்டென்று விட்டதும் கத்தியின் முதுகு அலமாரி விளிம்பில் இடித்தது. அவ்வளவுதான். பிளேடு மடங்கி வந்து ஆள்காட்டி விரலில் உட்கார்ந்தது. மடங்கக் கூடாது என்பதற்காகத்தானே பூட்டு வைத்த கத்தி? பூட்டு எங்கே போயிற்று?

இடது கை. எழுதுவது, சாப்பிடுவது, எல்லாவற்றையும் செய்வது அந்தக் கைதான்.

தையல் போட்டிருக்கிறார்கள். விரல் நுனியில் உணர்ச்சி இல்லை. "எப்போ வரும்?" என்று கேட்டேன். "வரும்போது வரும்" என்றாள் நர்ஸ். பேனாவை நடுவிரலில் முட்டுக் கொடுத்து எழுதுகிறேன். கோழி கிண்டிய மாதிரி இருக்கிறது.

மார்ச் 4, செவ்வாய்

வீட்டில் இருக்கிறேன். விசாரிக்கிறேன் என்று ஒவ்வொருவராகப் புண்ணில் உப்பு வைக்கிறார்கள்.

மேற்பார்வையாளர் போன் செய்தார். எதைச் சொன்னாலும் "சரி சரி" என்பதால் நாங்கள் அவருக்கு வைத்த பெயர் சரிசரி. "சரி சரி, கொஞ்சம் கவனமா இருந்திருக்கலாமேம்மா. அதுவும் நீங்க இடது கை வேற." வேற என்றால் என்ன வேற? பதினோரு வருஷமாக இந்தக் கையால்தான் அவர் கம்பெனிப் பெட்டிகளைக் கட்டுகிறேன்.

பிறகு அம்மா. "சின்ன வயசுலயே உன் கையை மாத்தியிருக்கணும். அழுவுறியேன்னு விட்டுட்டேன். என் தப்புதான்." அம்மாவிடம் கத்த முடியாது. சமையலறைப் பாத்திரங்களிடம் கத்தினேன்.

என் வீட்டுக்காரர் மட்டும் என்னைக் குறை சொல்லவில்லை. அந்தக் கத்தி அவர் என் பிறந்தநாளுக்கு வாங்கித் தந்தது. மற்றவர்களின் கணவர்கள் நகை வாங்கித் தருவார்கள், என் கணவர் கத்தி வாங்கித் தந்தார். அதில் எனக்குப் பெருமைதான். தான் வேலை பார்க்கும் பஸ் நிலையத்து டிக்கெட் கவுண்டரில் கூட்டம் இல்லாத நேரமெல்லாம் வீடியோ பார்த்து, இந்த ஸ்டீல் துருப்பிடிக்காது, இந்தப் பிடி வழுக்காது என்று பொறுக்கி எடுத்தது. இரவு என் விரல் கட்டை மாற்றிவிடும்போது, "கத்தியில தப்பு இருக்க வாய்ப்பில்ல" என்றார். நான் கேட்கவே இல்லை.

மார்ச் 6, வியாழன்

கண்டுபிடித்துவிட்டேன்.

கத்தியைக் கழுவி மேசையில் வைத்துக்கொண்டு காலை முழுக்க உட்கார்ந்திருந்தேன். பிடிக்குள்ளே ஒரு மெல்லிய தகடு இருக்கிறது. பிளேடை விரித்ததும் அது பக்கவாட்டில் நகர்ந்து வந்து முட்டுக் கொடுக்கிறது. மடக்க வேண்டுமானால் அந்தத் தகட்டைக் கட்டைவிரலால் ஒதுக்க வேண்டும். வலது கையில் பிடித்தால் மற்ற விரல்களால் அதற்கு ஒரு தொந்தரவும் இல்லை. இடது கையில் இறுக்கிப் பிடித்தால் என் ஆள்காட்டி விரலின் சதையே அதை ஒதுக்கித் தள்ளுகிறது. எவ்வளவு பலமாகப் பிடிக்கிறேனோ அவ்வளவு சீக்கிரம் பூட்டு விடுகிறது. அதன் பிறகு முதுகில் ஒரு தட்டுப் பட்டால் போதும்.

இத்தனை நாள் நான் அறுத்ததெல்லாம் சும்மா பெட்டி நாடாதான். முழுப் பலம் போட்டுப் பிடித்தது அன்றைக்குத்தான் முதல் தடவை.

சாயங்காலம் அவரிடம் காட்டினேன். சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டே, பார்க்காமலே, "அப்போ வலது கையில பிடி" என்றார்.

"வலது கையில எனக்கு அறுக்க வராதுங்க."

"பழகணும். உலகத்துல எல்லாப் பொருளும் வலது கைக்குத்தான் செய்யுறான்." பிறகு, தரையில் படுத்து யானைக்குக் கலர் அடித்துக்கொண்டிருந்த எங்கள் பொடிசைப் பார்த்தார். ஆறு வயது. அவளும் என்னைப் போல இடது கை. "இவளையாவது இப்பவே மாத்திடணும்."

கத்தி என்ன செய்தது என்று காட்டப் போனால், தண்டனை குழந்தைக்கா?

மார்ச் 7, வெள்ளி

காலையில் பென்சிலை அவளுடைய வலது கைக்கு மாற்றி வைத்தாராம். அவளே சொன்னாள். விளையாட்டு என்று நினைத்துச் சிரித்துக்கொண்டே சொன்னாள்.

மார்ச் 8, சனி

கத்தி இல்லாமல் என் வேலை ஓடாது. பழையதை இனிமேல் தொட மாட்டேன். புதிதாக நானே வாங்கப் போகிறேன் என்று கிளம்பினேன்.

முதல் கடை, ஆணியும் குழாயும் விற்கும் இரும்புக் கடை. "சார் வரலையா?" என்றான் கடைக்காரன். எந்த சார்? எனக்குத்தான் கத்தி என்றதும் கண்ணாடிப் பெட்டியிலிருந்து சாவிக்கொத்தில் மாட்டும் ஒரு ரோஸ் கலர் பொம்மையை எடுத்து வைத்தான். "லேடீஸ் இதுதான் வாங்குவாங்க. ஹேண்ட்பேக்ல அழகா இருக்கும்." அதை வைத்து நூல்கூட அறுக்க முடியாது, அறுத்தால் நூலுக்கு வலிக்குமா என்று அது கேட்கும்.

இரண்டாவது கடையில் நல்ல கத்திகளாகத்தான் இருந்தன. உறுதியான பிளேடு, சொரசொரப்பான பிடி, பையில் செருகக் கொக்கி. ஆனால் வரிசையாக எல்லாமே அதே பக்கவாட்டுத் தகடு. கொக்கியும் ஒரே பக்கம். "இடது கைக்கு ஏதாவது இருக்கா?" என்று கேட்டதும் அந்தப் பையன் சிரித்துவிட்டான். கிண்டல் இல்லை, நிஜமாகவே அப்படி ஒரு கேள்வியை அவன் கேட்டதில்லை. அந்தச் சிரிப்புதான் எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

வெறுங்கையோடு வந்தேன்.

மார்ச் 9, ஞாயிறு

சண்டை. பொடிசு சாப்பிடும்போது கரண்டியை அவர் மூன்று முறை மாற்றி வைத்தார். நான் மூன்று முறை திருப்பி வைத்தேன். அவள் எங்கள் இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். நாலாவது முறை அவர் சொன்னார், "அந்தப் பீச்சாங்கையாலயே எல்லாத்தையும் பண்ணி, கடைசியில என்ன ஆச்சுன்னு பார்த்தியா?"

நல்ல மனுஷன்தான். கோபம் வந்தாலும் வார்த்தையை அளந்து பேசுகிறவர். அவர் வாயிலிருந்து அந்த வார்த்தை. சொன்னதும் அவருக்கே முகம் செத்துவிட்டது. ஆனால் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லையே.

படுக்கும்போது அவள் என் காதில் கேட்டாள். "அம்மா, பீச்சாங்கைன்னா என்ன?"

நான் என்ன சொல்ல? கழுவுற கைன்னு சொல்லவா? சும்மா ஒரு வார்த்தைடா, தூங்கு என்றேன். எனக்குத் தூக்கம் வரவில்லை. இந்த மனுஷனை உலுக்கி எழுப்பிக் கேட்க வேண்டும் போல இருந்தது: பார்த்தீங்களா, இப்ப சந்தோஷமா?

மார்ச் 12, புதன்

வேலைக்குத் திரும்பினேன். சரிசரி எனக்குப் பீங்கான் சுற்றும் வேலை கொடுத்தார். கத்திக்குப் பதிலாக ஒரு பிளாஸ்டிக் நாடா வெட்டி. மூக்கு மட்டும் வெளியே தெரிகிற பிளேடு. கயிறு வந்தால் டிரைவர் அண்ணனைக் கூப்பிட வேண்டுமாம்.

பூட்டு ஏன் விட்டது என்று சரிசரிக்கும் விளக்கினேன். முழுவதும் கேட்டார், தலையாட்டினார். "சரி சரி. அப்போ வலது கையில பிடிங்க." எல்லோரும் ஒரே பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்திருக்கிறார்கள் போல.

மார்ச் 15, சனி

தாள் கிழிகிற அளவுக்குப் பேனாவை அழுத்துகிறேன். விரல் காயத்தால் இல்லை.

காலை நல்லபடியாகத்தான் ஆரம்பித்தது. தூண்டிலும் வலையும் விற்கும் கடையைப் பற்றி டிரைவர் அண்ணன் சொல்லியிருந்தார், அங்கே போனேன். கடைக்காரர் ஒரு தட்டு நிறையக் கொட்டி, "நீங்களே பாருங்க, எனக்கு வேலை இருக்கு" என்று போய்விட்டார். அதுவே நிம்மதியாக இருந்தது.

ஒவ்வொன்றாக இடது கையில் பிடித்து, பலம் கொண்ட மட்டும் இறுக்கி, பிளேடின் முதுகை மேசை விளிம்பில் தட்டினேன். இரண்டு மடங்கிக் கொடுத்தன, அவற்றை ஒதுக்கினேன். ஒன்றில் பிளேடு பக்கவாட்டில் ஆடியது. ஒன்றில் விரிக்க நகத்தை விட வேண்டும். கையுறை போட்டால் நகம் எங்கே இருக்கிறது? ஒன்றின் முனை ஊசி போல இருந்தது, சுற்றிய அட்டையை வெட்டும்போது உள்ளே இருக்கும் சோபாவையும் சேர்த்து வெட்டும். கடைக்காரர் அந்தப் பக்கமாக வந்து, "என்னம்மா, கத்திக்கு நாடி பிடிச்சுப் பாக்குறீங்க?" என்றார்.

கடைசியாக ஒன்று. பூட்டு பிடியின் முதுகில் இருக்கிறது. நடு முதுகில் ஒரு பட்டையை அழுத்தினால்தான் மடங்கும். அங்கே எந்தக் கையாலும் தவறிப்போய் அழுத்த முடியாது. விரிக்கும் குமிழ் இரண்டு பக்கமும் இருக்கிறது. கொக்கியைக் கழற்றி மறுபக்கம் மாட்டிக்கொள்ளலாம். பிளேடின் நீளம் என் உள்ளங்கை அகலம், தடிமனான முதுகு, மழுங்கலான முனை. இறுக்கினேன், தட்டினேன், அசையவில்லை. மரத்த விரலோடும் ஒரே கையால் விரிக்க வந்தது. வலது கையிலும் பிடித்துப் பார்த்தேன், அதற்கும் சரியாகத்தான் இருந்தது. அப்போ இரண்டு கைக்கும் பொருந்துகிற மாதிரி செய்ய முடியும். முடியாமல் இல்லை, மற்றவர்கள் செய்யவில்லை.

சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, பாதி கோபம் தீர்ந்து வீட்டுக்கு வந்தேன்.

பொடிசு மேசையில் எழுதிக்கொண்டிருந்தாள். வலது கையால். இடது கையில் ஒரு காலுறை மாட்டி, மணிக்கட்டில் நாடா சுற்றியிருந்தது. காலுறையில் மூடிய கண் இரண்டு, ஒரு வாய் வரைந்திருந்தது.

"என்னடா இது?" என்றேன்.

"மெதுவா பேசும்மா. கை தூங்குது. எழுப்பக் கூடாதுன்னு அப்பா சொன்னாரு."

அந்த நாடா நான் வேலையிலிருந்து கொண்டுவந்தது, பெட்டி ஒட்டுவது. மரத்த விரலுக்கு அதன் முனை தட்டுப்படவில்லை. திரும்பத் திரும்பச் சுற்றித் தேடினேன். அவள் பொறுமையாகக் கையை நீட்டிக்கொண்டு நின்றாள். உரித்தபோது மணிக்கட்டு சிவந்திருந்தது.

அவர் குளியலறையிலிருந்து வந்தார். அவரை என்னவெல்லாம் சொன்னேன் என்று எழுத மாட்டேன். மேல் வீட்டில் டிவியை அணைத்துவிட்டுக் கேட்டிருப்பார்கள். கேட்கட்டும்.

மார்ச் 16, ஞாயிறு

பேசவில்லை. அவர் தன் தட்டைத் தானே கழுவி வைத்தார்.

மார்ச் 18, செவ்வாய்

பல் தேய்க்கும் பிரஷை எடுக்கப் போனவள் பாதியில் நின்று கேட்கிறாள், "எந்தக் கை?" கதவைத் திறக்க, "எந்தக் கை?" பூனைப் படத்தைத் தடவிப் பார்க்கக்கூட. நான் "உனக்கு எது வருதோ அது" என்றால் நம்பாமல் அப்பாவைத் தேடுகிறாள். இரண்டு பேருமாகச் சேர்ந்து குழந்தையை என்ன ஆக்கி வைத்திருக்கிறோம்?

மார்ச் 20, வியாழன்

பொடிசு பக்கத்து வீட்டில் விளையாடப் போயிருந்தாள். பழைய கத்தியை எடுத்தேன். வெட்டும் பக்கத்துக்கு அட்டை மடித்து வைத்து, நாடா சுற்றி, அவர் முன்னால் மேசையில் வைத்தேன்.

"இடது கையில பிடிங்க. இறுக்கி. முதுகை மேசையில தட்டுங்க."

"இப்ப எதுக்கு இது?"

"பிடிங்க."

பிடித்தார், தட்டினார். மடங்கி விரலில் விழுந்தது. "சரியாப் பிடிக்கல" என்றார். மறுபடியும் தட்டினார். மடங்கியது. வலது கைக்கு மாற்றித் தட்டினார், அசையவில்லை. மீண்டும் இடது கை. அதற்குப் பிறகு அவர் கத்தியைக் கீழே வைக்கவும் இல்லை, தட்டவும் இல்லை.

மடங்கிய பிளேடைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "நான் வாங்கிக் கொடுத்ததுதான் உன் விரலை வெட்டுச்சு. அதை என் வாயால வரவைக்கணும், அவ்ளோதானே உனக்கு?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். கண் கலங்கி உட்கார்ந்திருந்த மனுஷன். ஆனால் எனக்கு அந்தச் சிவந்த மணிக்கட்டுதான் தெரிந்தது.

"ஆமா. அதைச் சொல்லிடக் கூடாதுன்னு ஒரு குழந்தை கையைக் கட்டிப் போட்டீங்களே."

"அவளுக்கும் நாளைக்கு இப்படி ஆயிடக் கூடாதுன்னுதான்."

"அவளுக்கு வாங்கும்போது எந்தக் கைக்குன்னு கேட்டு வாங்குங்க."

எழுந்து போய் மாடிப்படியில் உட்கார்ந்துகொண்டார். நான் கூப்பிடவில்லை.

மார்ச் 23, ஞாயிறு

டிரைவர் அண்ணன் சரிசரியிடம் சண்டை போட்டிருக்கிறார், கயிறு அறுக்க நாள் முழுக்கத் தன்னைக் கூப்பிடுகிறார்கள் என்று. நாளையிலிருந்து என் கத்தியை நானே வைத்துக்கொள்ளலாமாம். இதை வீட்டில் சொன்னேன். அவர் புதுக் கத்தியைக் கேட்டு வாங்கி, முதுகுப் பூட்டை அழுத்திப் பார்த்துவிட்டு, "நல்லா இருக்கு" என்றார். இடது கையில்தான் பிடித்துப் பார்த்தார்.

சாப்பிட உட்கார்ந்தோம். பொடிசு இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு, "எந்தக் கை?" என்றாள்.

"இடது கை" என்றேன். அதே நேரத்தில் அவரும் "இடது கை" என்றார். ஜெயித்துவிட்டேன் என்றுகூட ஒரு நொடி நினைத்தேன்.

அவள் சிரிக்கவில்லை. "அப்பா மொதல்ல வலதுன்னு சொன்னாரு. நீ இடதுன்ன. இப்போ ரெண்டு பேரும் இடதுங்கறீங்க. நாளைக்கு என்ன?" அவள் குரலில் இருந்த கோபம் அப்படியே என்னுடையது. "நீங்க ரெண்டு பேரும் பேசி முடிச்சுட்டுச் சொல்லுங்க. அப்புறம் நான் சாப்பிடுறேன்."

நாற்காலியிலிருந்து இறங்கிப் போய்விட்டாள். எங்கள் இரண்டு பேருக்கும் ஒருவரை ஒருவர் பார்க்கத் துணிவில்லை.

பசி தாங்காமல் கொஞ்ச நேரத்தில் அவளே வந்தாள். "யாரும் பாக்கக் கூடாது" என்றாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அவர் தட்டைப் பார்த்துத் தலையைக் குனிந்துகொண்டார். கரண்டி தட்டில் படும் சத்தம் கேட்டது. எந்தக் கை என்று எனக்குத் தெரியாது. திரும்பிப் பார்க்காமல் இருக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.