உனக்குன்னு என்ன ஆசை?

என் அம்மாவுக்கு,

இதைக் கீழ்வீட்டு அக்காவின் முகவரிக்குத்தான் அனுப்புகிறேன். அப்பா இல்லாத நேரமாகப் பார்த்துப் படி.

கை எப்படி இருக்கிறது? டாக்டரிடம் இந்தத் தடவையும் படியில் விழுந்ததாகத்தான் சொன்னாயா?

நேற்று வகுப்பில் பேராசிரியை ஒவ்வொருவரையும் எழுப்பி, படித்து என்ன சாதிக்கப் போகிறீர்கள் என்று கேட்டார். ஒருத்தி வெளிநாட்டு வேலை என்றாள். இன்னொருவன் சொந்தக் கம்பெனி என்றான். முதல் மதிப்பெண் என்று சொல்லத்தான் நானும் எழுந்தேன். ஆனால், "எங்கம்மா பயப்படாம தூங்கணும், மேடம்" என்று வாய் தவறி வந்துவிட்டது. எல்லோரும் சிரித்தார்கள். அவர் மட்டும் சிரிக்கவில்லை.

"சரிம்மா, உனக்குன்னு என்ன ஆசை?" என்றார்.

எனக்கு ஒன்றுமே தோன்றவில்லை அம்மா.

விடுதியில் யாராவது கதவைப் படாரென்று சாத்தினால், புத்தகத்தை அப்படியே போட்டுவிட்டு எழுந்து நிற்கிறேன். ஒரு பக்கம்கூட மண்டையில் ஏறவில்லை. "நீ போய் நல்லாப் படி, என்னை நான் பாத்துக்கறேன்" என்று சொல்லி பஸ் ஏற்றிவிட்டாய். நீ பார்த்துக்கொள்ளும் லட்சணம் எனக்குத் தெரியாதா?

வார்டனிடம் பேசிவிட்டேன். கொஞ்ச நாள் என் அறையில் நீ தங்கலாமாம். அப்புறம் என்ன செய்வது என்பதை இங்கே உட்கார்ந்து இரண்டு பேருமாக யோசிப்போம். மாற்றுத்துணி மட்டும் எடுத்துக்கொள்.

கிளம்பி வா அம்மா. நான் படிக்க வேண்டும்.

உன் மகள்