ஒரே தார்ப்பாய்

அக்கா,

மதியம் தார்ப்பாயை உதறியதும் நெல்தூசியும் மக்கிய மழைநீரும் கலந்த வாடை எழும்பியது. மேற்கே இடி உருண்டது. நீங்கள் கண்மூடிய பிறகு எங்களுக்கு இது முதல் அறுவடை.

சில வருஷத்துக்கு முன் அந்த மழைநாளிலும் இதே சேவூர்க் களம்தான். அரசுக் கொள்முதலுக்குக் கொட்டிய நெல் நாள்கணக்கில் வெட்டவெளியில் கிடந்தது. ஒருத்திக்குக் குத்தகை நிலம், இன்னொருத்திக்குப் புருஷன் பேரில் பட்டா. காகிதம் சரியில்லை என்று நம் ஐந்து பேரையும் கடைசிக்குத் தள்ளிவிட்டார்கள். ஐந்து சின்னக் குவியல்கள். யாரும் அள்ளிவிடாதபடி அவரவர் குவியல்மேல் அவரவர் சாம்பல் குறி. குறி கலைந்திருந்தால் ஊரே கூடிச் சண்டை போடும். வானம் கறுத்தபோது நம்மிடம் இருந்தது ஒரே தார்ப்பாய்; தள்ளித்தள்ளிக் கிடந்த குவியல்களில் ஒன்றைத்தான் மூடும்.

ஆளுக்கொரு முனையைப் பிடித்து இழுத்தோம். நான் படவேட்டம்மா சாமியைக் கூப்பிட்டுக்கொண்டே இழுத்தேன். நீங்கள்தான் கையை விட்டீர்கள். உங்கள் குறியை முறத்தால் அழித்து, நெல்லைப் பக்கத்திலிருந்த விஜயாவின் குவியலோடு தள்ளினீர்கள்.

"இன்னாக்கா பண்ற? உன் பதரெல்லாம் என் நெல்லுல கலக்கவா?" என்று அவள் பாய்ந்தாள்.

"நனைஞ்சா உன் நெல்லும் என் பதரும் ஒரே நாத்தம்தாண்டி. தள்ளு, ஜல்தி!"

"அப்பறம் எப்டிப் பிரிக்கிறது?"

என்னைக் காட்டினீர்கள். "இவதான் யாருக்கு எத்தினி மூட்டைன்னு எழுதி வெச்சிகினு கீறாளே. மொதல்ல பிரிக்கிறதுக்கு நெல்லு இருக்கட்டும்."

முறத்தாலும் கையாலும் தள்ளி ஐந்தையும் ஒரே கூம்பாக உயர்த்தினோம்; தார்ப்பாய் எட்டியது. காற்று தூக்கிவிடாமல் தார்ப்பாயின் ஓரங்களில் ஏறி உட்கார்ந்து நனைந்தோம். மழை விட்டதும் குவியலுக்குள் கைவிட்டுப் பார்த்தீர்கள். கதகதப்பாக, உலர்ந்த நெல் வந்தது. என் சுருக்குப்பையிலிருந்து திருநீறு வாங்கி, முழுக் குவியலுக்கும் ஒரே குறி போட்டீர்கள்.

இன்றும் முதல் துளி விழுந்ததும் எல்லாரும் அவரவர் குறியையே பார்த்தபடி நின்றார்கள். உங்கள் இடத்தில் உங்கள் மருமகள், தன் குவியலை இரு கையாலும் அணைத்துக்கொண்டு. உங்களைப் போலப் பேச எனக்கு வராது. குனிந்து என் குறியை அழித்தேன்.

விஜயா முறத்தை எடுத்தாள். "இந்த வாட்டி உன் பதரா? தள்ளு, தள்ளு."

மருமகள் கடைசியாகத்தான் கையை எடுத்தாள்.

சோறாக்க வீட்டுக்கு வந்த இடத்தில் எழுதுகிறேன். மழை வலுக்கிறது. நெல்லை இன்னும் எடை போடவில்லை. தார்ப்பாயில் என் முனையையும் சேர்த்து உங்கள் மருமகள்தான் அழுத்திக்கொண்டிருக்கிறாள். திருநீற்றுப் பையை நனையாமல் மடியில் செருகியிருக்கிறேன் அக்கா. மழை விட்டதும் ஒரே குறி போட வேண்டும்.