கடலுக்குள் பருத்தி வேண்டாம், அம்மணி

நல்லூர், திருப்பூர்
ஜனவரி 8

அன்பு மகள் தேஜஸ்ரீக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் உடம்புக்குக் குறையொன்றும் இல்லாமல் இருக்கிறோம். நீயும் அங்கே அந்தமானில் அப்படியே இருக்கிறாய் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், ஆனால் எனக்கு அந்த நம்பிக்கை இல்லை, அதனால் எழுதவில்லை. போனில் பேசினால் ஆகாதா என்று கேட்பாய். போனில் நான் வாயைத் திறந்தால் அதட்டல்தான் வருகிறது, இல்லாவிட்டால் சாப்பிட்டாயா என்பதோடு நின்றுவிடுகிறது. நான்கு நாளாக உன்னைக் கூப்பிட்டு அதையே கேட்டேன், நீயும் சாப்பிட்டேனுங்கப்பா என்று சொல்லி வைத்துவிட்டாய். பத்தொன்பதாம் தேதி டைவிங்குக்கு வருகிற விருந்தாளிகளோடு எட்டு நாள் படகில் போகிறாய், தினமும் நான்கு முறை கடலுக்குள் இறங்க வேண்டும், அங்கே சிக்னல் கிடையாது என்று அம்மா சொன்னாள். அதற்குள் இது உன் கைக்கு வந்தாக வேண்டும். முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன், மற்றதை அப்புறம் படித்துக்கொள். தீபாவளிக்கு நான் தைத்து அனுப்பினேனே அந்தப் பருத்தி உள்ளுடுப்பு, அதைப் போட்டுக்கொண்டு கடலில் இறங்காதே. அப்பா கொடுத்தது என்று பார்க்காதே. அங்கேயே தரை துடைக்கப் போடு, எனக்கு ஒரு வருத்தமும் இல்லை.

சனிக்கிழமை மத்தியானம் குழந்தை உடுப்பு ஆர்டருக்குக் கட்டிங் பார்த்துக்கொண்டிருந்தேன், தெரியாத நம்பரில் இருந்து போன். உன்னோடு வேலை பார்க்கும் சீனியர் அருள்செல்வன் என்று சொன்னார். புள்ளைக்கு ஒண்ணுமில்லய்யா, நல்லாருக்கா என்று அவர் முதலிலேயே சொன்னதால் தப்பித்தேன். அப்புறம்தான் ஒவ்வொன்றாகச் சொன்னார். புத்தாண்டுக்கு முந்தைய நாள் மூன்றாவது தடவை இறங்கி ஏறும்போது உனக்கு உதடு நீலம் பாய்ந்து, பல் கிட்டி, இடுப்பில் இருந்த கிளிப்பைக் கழற்ற விரல் வரவில்லையாம். ஏணியில் கால் நிற்காமல் சறுக்கிவிட்டாயாம். முதுகுச் சிலிண்டரைப் பிடித்துத்தான் உன்னை மேலே இழுத்தார்களாம். படகில் இருந்த பெண்கள் உன் மேலுடையைக் கழற்றினால் உள்ளே நான் தைத்த பருத்தி, பிழிந்தபோது கால் பக்கெட் தண்ணீர் வந்ததாம். அம்மாவிடம் லேசாகச் சளி பிடித்திருக்கிறது என்றாயே, இதுதானா அந்தச் சளி? அதற்குப் பிறகும், அப்பா பார்த்துப் பார்த்து தைச்சது, கழட்ட மாட்டேன் என்று நீ அடம் பிடிப்பதாகவும், ஐயா நீங்க ஒரு வார்த்த சொன்னாத்தான் கேப்பா, தப்பா எடுத்துக்கிடாதீங்க என்றும் அந்தப் பிள்ளை அவ்வளவு மரியாதையாகக் கேட்டது. நான் என்ன செய்தேன் தெரியுமா? முப்பத்தொரு வருசமா துணிக்குள்ளயே கெடக்கறனுங்க, எனக்கு நீங்க துணி சொல்லித் தர வேண்டாமுங்க என்று வெடுக்கென்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன்.

வைத்த பிறகு வேலை ஓடவில்லை. கட்டிங் மாஸ்டர் தவசியிடம் சொன்னேன். அவன் கத்தரியைக் கீழே வைத்துவிட்டு, ஈரத்துணியோட காத்துல நின்னாலே பல்லு தந்தியடிக்கும், நீங்க புள்ளைய கடலுக்குள்ள ஈரத்துணியோட அனுப்பிச்சிருக்கீயளே மொதலாளி என்றான். அவனையும் திட்டினேன். ஆனாலும் மனசு கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை யூனிட் பூட்டியிருக்கும், அதே துணியில் மிச்சம் இருந்ததை எனக்கு அளவெடுத்து நானே ஓவர்லாக் மெஷினில் உட்கார்ந்து அடித்தேன். துணி நனைக்கிற சிமெண்ட் தொட்டியை நிரப்பி, அம்மா மருந்துப் பெட்டியில் இருந்த தெர்மாமீட்டர் அதற்கு ஆகாது என்பதால் சாயப்பட்டறையில் இருந்து ஒன்று வாங்கி வந்து, வெந்நீர் கலந்து உன் கடல் மாதிரியே இருபத்தெட்டு டிகிரிக்குக் கொண்டுவந்தேன். கையை விட்டுப் பார்த்தால் இதமாகத்தான் இருந்தது. இதிலா குளிரும் என்று சிரித்துக்கொண்டேதான் உட்கார்ந்தேன். கால் மணி நேரம் ஒன்றும் தெரியவில்லை. அரை மணியில் முதுகுத்தண்டில் ஜில்லென்று ஏறியது. நாற்பதாவது நிமிஷம் தாடை ஆடத் தொடங்கியது, என்ன அடக்கியும் நிற்கவில்லை. உன் அம்மா வந்து பார்த்துவிட்டு, ஏனுங்க, கிறுக்குப் புடிச்சுப் போச்சுங்களா, ஊரே பாக்குது, எந்திரிச்சு வாங்க என்று சத்தம் போட்டாள். எழுந்தால் துணி இரண்டு ஆள் கனம் கனக்கிறது, மேலே காற்று பட்டதும் உயிர் போய்விட்டது. எனக்காவது தொட்டி, எழுந்து வந்துவிட்டேன். நீ அறுபது அடிக்குக் கீழே, அதுவும் பத்துப் பேரைப் பார்த்துக்கொள்ள வேண்டியவள்.

இதில் ஒன்று கவனித்தேன், சிரிக்காதே. வலது முழங்காலுக்கு மட்டும் அம்மாவின் ரப்பர் மூட்டு பெல்ட்டை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், அவளுடைய மூட்டு வலி எனக்கும் வந்துவிட்டது. உடம்பெல்லாம் நடுங்குகிறது, அந்த ஒரு முழங்கால் மட்டும் சூடாக இருக்கிறது. நனைந்துதான் இருக்கிறது, ஆனாலும் சூடு. அப்புறம் அதை வெளிச்சத்தில் வைத்து ஓரத்தைப் பார்த்தேன். ரப்பருக்குள்ளே கண்ணுக்குத் தெரியாத குமிழ் குமிழாகக் காற்று. டைவிங் உடை செய்வதும் இதே ரப்பரில்தானே. வெட்கத்தை விட்டு அருள்செல்வனைக் கூப்பிட்டு, நேத்து பேசினது தப்புங்க தம்பி என்று சொல்லிவிட்டேன். நல்ல பிள்ளை, நான் என்னவோ வாத்தியாரிடம் படிப்பவன் மாதிரி ஒரு மணி நேரம் கேட்டேன், சலிக்காமல் சொன்னார். காற்றைவிடத் தண்ணீர் இருபது மடங்குக்கு மேல் வேகமாக உடம்புச் சூட்டை உறிஞ்சுமாம், வெப்பக்கடல் என்றாலும் நம் உடம்பைவிட அது குளிர்தானாம். ஒரு தடவை இறங்கினால் தெரியாது, அடுத்தடுத்து இறங்கும்போது ராத்திரி தூங்கி எழுந்தும் குளிர் மிச்சம் இருக்குமாம். நீ போடுகிற மெல்லிய லைக்ரா வெயிலுக்கும் ஜெல்லி மீன் கொட்டாமல் இருக்கவும்தானாம், சூட்டுக்கு இல்லையாம். விருந்தாளிகள் ஒரு நாளைக்கு இரண்டு தடவை இறங்குவார்கள், அவர்களுக்கு மூன்று மில்லிமீட்டர் தடிமன் ரப்பர் உடை போதும். உன்னைப் போல எட்டு நாளும் நான்கு தடவை இறங்குகிறவர்களுக்கு ஐந்து மில்லிமீட்டர் முழு உடை, இல்லாவிட்டால் மூன்று மில்லிமீட்டர் உடைக்குள்ளே தலையும் மூடுகிற ரப்பர் பனியன். இருபத்தெட்டு டிகிரித் தண்ணீருக்கு ஐந்து மில்லிமீட்டரா என்று உடன் வேலை பார்க்கிற பையன்கள் கேலி செய்வார்கள் என்கிறாயாமே. செய்யட்டும். அவர்கள் உடம்பில் சதை இருக்கிறது, உன் உடம்பில் எங்கே இருக்கிறது? சின்னதிலிருந்தே மார்கழியில் குளிக்க மாட்டேன் என்று ஊடு பூரா ஓடினவள் நீ.

வாங்கும்போது பழசு வாங்காதே, பல நாள் ஆழத்தில் நசுங்கி நசுங்கி உள்ளே காற்று செத்துப் போயிருக்கும், ஓரத்தை விரலால் அழுத்திப் பார், துள்ளி எழ வேண்டும். இடுப்புக்கு மேலே முதுகுக் குழியில் இடைவெளி இருந்தால் வேண்டாம் என்று சொல், நீ அசையும்போதெல்லாம் அந்த வழியாகப் புதுத் தண்ணீர் ஏறி இறங்கும். நான் இங்கேதான் இரண்டாவது தப்புச் செய்தேன். துவைத்தால் சுருங்கும் என்று பருத்தியை இரண்டு அங்குலம் தளர விட்டு வெட்டினேன், அது ஊருக்குச் சரி, கடலில் அது தண்ணீர் உள்ளே போக வாய்க்கால் வெட்டின மாதிரி ஆகிவிட்டது. கழுத்திலும் மணிக்கட்டிலும் பிடிப்பாக இருக்கட்டும், மூச்சு மட்டும் தாராளமாக வர வேண்டும். தடித்த உடை மிதக்கும், அதனால் இடுப்பு ஈயக்கட்டியை மறுபடி கணக்குப் பார்க்க வேண்டுமாம், கரையோரத்தில் ஒரு தடவை இறங்கிப் பார்த்துவிட்டுப் படகேறு. மேலே ஏறியதும் ஈரத்தோடு காற்றில் நிற்காதே, உலர்ந்தது மாற்றிக்கொள். அதற்குத்தான் இத்தோடு காற்றுப் புகாத ஜாக்கெட் இரண்டு வைத்திருக்கிறேன். முதலிபாளையம் எஸ்டேட்டில் மழைத்துணி செய்கிற சுரேஷிடம் துணி வாங்கி தவசி வெட்டியது, நான் கை வைக்கவில்லை. தவசியின் பெண் நாகஜோதிக்கு நர்சிங்கில் இடம் கிடைத்துவிட்டது, உன்னிடம் சொல்லச் சொன்னான்.

இனி எழுதப் போவதை எழுதாமல் விட்டுவிடலாம் என்று இரண்டு தடவை பேனாவை மூடினேன். வெளிநாட்டில் எவனோ ஒருவனுடைய குழந்தைக்கு ஒரு ஜட்டி தைக்க நான் என்னவெல்லாம் கேட்பேன் என்று உனக்குத் தெரியும். எந்த ஊர், என்ன சீதோஷ்ணம், எத்தனை தடவை துவைப்பார்கள் என்று ஆர்டர் கொடுக்கிற பையரின் உயிரை வாங்கிவிடுவேன். மாதிரி தைத்து, துவைத்து, இழுத்துப் பார்க்காமல் ஒரு பீஸ் வெளியே போனதில்லை. பெற்ற பிள்ளைக்குத் தைக்கும்போது ஒரு கேள்வி கேட்கவில்லை. எங்கே போடுவாய், எவ்வளவு நேரம் போடுவாய், ஒன்றும் கேட்கவில்லை. ஏன் என்று தொட்டியில் உட்கார்ந்திருக்கும்போதுதான் எனக்கே பிடிபட்டது. அக்டோபரில் நீ போன் செய்து, ரொம்பக் குளுருதுங்கப்பா, முடியலீங்க என்றாய். எனக்குச் சந்தோஷமாக இருந்தது அம்மணி. பிள்ளை குளிருகிறது என்று சொல்லும்போது அப்பனுக்கு உள்ளுக்குள் சந்தோஷம். சரி, இந்தப் பருவத்தோடு சலித்துப்போய் ஊருக்கு வந்துவிடுவாள் என்று நினைத்தேன். காங்கேயத்து மாமாவிடம், சித்திரையில பாப்பா வந்துருவா, அந்த ஜாதகத்தப் பாத்து வையுங்க மச்சான் என்றும் சொல்லிவிட்டேன். அந்த நினைப்பில் தைத்த துணி வேறு எப்படி இருக்கும்? வரப் போகிறவளுக்கு எதற்கு விசாரணை என்று இருந்துவிட்டேன். உனக்குக் கெடுதல் நினைக்கவில்லை, சத்தியமாக இல்லை. ஆனால் நல்லது நினைக்கவும் மறந்துவிட்டேன். நீ அதை உன் கடல் வேலையை அப்பா ஒத்துக்கொண்டதற்கு அடையாளம் என்று எடுத்துக்கொண்டு நடுங்க நடுங்கப் போட்டிருக்கிறாய். அதை நினைத்தால்தான் எனக்குச் சோறு இறங்கவில்லை. என்னை மன்னித்துவிடு.

இன்று காலை மாமாவுக்குப் போன் போட்டு, சித்திரை என்று சொன்னது என் ஆசை, அவளைக் கேட்டுச் சொன்னது இல்லை, ஜாதகத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டேன். அவருக்குக் கோபம்தான், இரண்டு மாதம் பேச மாட்டார், பரவாயில்லை. அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, இப்பவாவது புத்தி வந்துச்சே என்றாள். அதனால் உனக்குச் சொல்கிறேன், குளிர் தாங்கவில்லை என்று வீட்டுக்கு வந்துவிடாதே. அப்படி நீ வந்தால் நான் தைத்த துணி உன்னைத் துரத்திவிட்டதாக ஆகும். கதகதப்பாக இரு, வேலையை நன்றாகச் செய், அப்புறம் எங்களைப் பார்க்க வேண்டும் என்று உனக்குத் தோன்றினால் வா.

நீண்ட ஆயுளோடும் சூடு குறையாத உடம்போடும் இருக்க அப்பாவும் அம்மாவும் மனதார ஆசீர்வதிக்கிறோம். படகேறும் முன் புது உடையைப் போட்டுக்கொண்டு முன்னாலும் பின்னாலும் நின்று இரண்டு போட்டோ அனுப்பு, முதுகுக் குழி தெரியட்டும். நான் போனில் கூப்பிட்டு மறுபடியும் சாப்பிட்டாயா என்றுதான் கேட்பேன், எனக்கு அதற்கு மேல் வராது. நீயாவது, சூடா இருக்கறனுங்கப்பா என்று சொல்லிவிட்டு வை.

இப்படிக்கு,
உன் அப்பா,
சண்முகவேல்