கையெழுத்துப் போட்ட ஞாயிறுகள்

என் அன்புக்குரியவளுக்கு,

நான் நலம். அங்கே நீ இருமல் இல்லாமல் தூங்குகிறாய் என்று மச்சான் சொன்னார். நிம்மதியாக இருந்தது. போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் சொன்னால் ‘சரி விடுங்க’ என்று வைத்துவிடுவாய். இது நீ நிதானமாகக் கோபப்பட வேண்டிய விஷயம்.

வீட்டில் விசேஷம் ஒன்றும் இல்லை. மாடி வீட்டுக்காரர் இன்னும் செருப்போடுதான் தலைக்கு மேல் நடக்கிறார். நேற்று முழுக்கச் சத்தமே இல்லை, எனக்கு என்னவோ போல் ஆகிவிட்டது. ஒரு நாள் சமைத்து மூன்று நாள் சூடு பண்ணிச் சாப்பிடுகிறேன். குறை சொல்ல ஆள் இல்லாததால் உப்பு சரியாக இருப்பதாக நானே முடிவு செய்துகொள்கிறேன்.

நீ போய் ஏழு வாரம் ஆகிறது. உன் கட்டில் பக்கத்து ஹியூமிடிஃபயரை, அதுதான் உன் பனி மிஷினை, அங்கே அனுப்பலாம் என்று சனிக்கிழமை எடுத்தேன். அங்கேயும் ஹீட்டர் போட்டால் காற்று காய்ந்து உனக்குத் தொண்டை வறளுமே என்ற நினைப்பு. தொட்டியைக் கழற்றினால், அடியில் தண்ணீர் தேங்கும் குழியில் இளஞ்சிவப்பாக ஒரு வழவழப்பு. பனியைக் கிளப்பும் சின்னத் தகட்டின் மேல் வெள்ளைப் படிவம் கெட்டியாகப் பிடித்திருந்தது. அந்தக் கெட்டி ஏழு வாரத்தில் வருவதில்லை. இருபது வருஷமாக லிஃப்ட் இன்ஸ்பெக்டராக இருக்கிறேன், பழைய அழுக்கு எது, புது அழுக்கு எது என்று எனக்குத் தெரியும்.

லிஃப்டில் மாட்டுகிற பராமரிப்பு அட்டை மாதிரியே ஒன்று எழுதி அந்த மிஷினில் கட்டித் தொங்கவிட்டேனே, நினைவிருக்கிறதா? தினமும் பழைய தண்ணீரைக் கொட்டுவது உன் வேலை. ஞாயிறுதோறும் வினிகரில் ஊறவைத்து, தேய்த்து, அலசி, காயவைத்துக் கையெழுத்துப் போடுவது என் வேலை. வீட்டுக்குள்ளேயும் இன்ஸ்பெக்டரா என்று சிரித்தாய். ஆனால் நம்பினாய்.

உண்மையைச் சொல்கிறேன். முதல் மூன்று ஞாயிறுதான் கழுவினேன். நாலாவது ஞாயிறு சோம்பலாக இருந்தது. பளிச்சென்றுதானே இருக்கிறது என்று வெளியே ஒரு துணியால் துடைத்துவிட்டுக் கையெழுத்துப் போட்டேன். அப்புறம் அதுவே பழக்கமாகிவிட்டது. ஒருமுறை நாலு வாரத்துக்குச் சேர்த்தே போட்டேன். சந்தேகம் வராமல் இருக்க வேறு வேறு பேனாவில் போட்டேன். இதே காரியத்தைச் செய்த மெக்கானிக்கைப் பத்துப் பேர் முன்னால் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டவன் நான்.

உன் இருமலுக்காக முதலில் போன அன்றைக்கே டாக்டரம்மா சரியான இடத்தைத் தொட்டார். மிஷினைச் சுத்தமா வச்சிருக்கீங்களா என்று கேட்டார். ‘அதெல்லாம் இவர் வாராவாரம் கழுவிடுவார் டாக்டர், கையெழுத்துகூடப் போடுவார்’ என்று நீ பெருமையாகச் சொன்னாய். நான் பக்கத்து நாற்காலியில் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தேன். பிறகு சுவர், மெத்தை, திரைச்சீலை என்று எல்லாவற்றின் மேலும் பழி விழுந்தது. கடைசியில் மச்சான், ‘அந்த வீடே அவளுக்கு ஒத்துக்கல மாப்ள’ என்று உன்னைக் கூட்டிக்கொண்டு போனார். நடுவில் இரண்டு நாள் வந்தாய். உனக்காக ஆசை ஆசையாக மிஷினைப் போட்டு வைத்தேன். இருமிக்கொண்டே திரும்பிப் போனாய்.

திங்கட்கிழமை டாக்டரம்மாவிடம் போய் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். அடிச்சுச் சொல்ல முடியாது, ஆனா அதுவாத்தான் இருக்கும் என்றார். தொட்டியில் இருக்கும் அழுக்கு பனியோடு கிளம்பி மூச்சில் போகுமாம். வீட்டுக்கு வந்து கழுவினேன். அரை மணி நேரம் வினிகரில் ஊறவைத்து, மெல்லிய பிரஷால் தகட்டைக் கீறாமல் தேய்த்து, நாலு தடவை அலசி, துண்டின் மேல் கவிழ்த்தேன். மொத்தம் முக்கால் மணி நேர வேலை. அதற்குச் சோம்பல் பட்டுத்தான் இப்படி உட்கார்ந்திருக்கிறேன். கழுவும்போது அழுதுவிட்டேன். வினிகர் நெடி என்று சாக்குச் சொல்லக்கூட வீட்டில் யாரும் இல்லை.

அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் உன்னை வேலைக்குக் கூப்பிடுகிறார்கள் என்றும், அடுத்த மாசம் முதல் தேதிக்குள் பதில் சொல்ல வேண்டும் என்றும் மச்சான் சொன்னார். வீடு ஒத்துக்கொள்ளவில்லை என்பதற்காக மட்டும் நீ அந்த வேலைக்குச் சம்மதிக்காதே. வீட்டின் மேல் தப்பே இல்லை. தப்பு என்னுடையது. அதைத் தெரிந்துகொண்டு முடிவு செய். மச்சானிடமும் இந்தக் கடிதத்தைக் காட்டு. திட்டுவார், திட்டட்டும்.

ஒன்று மட்டும் மனசை அரிக்கிறது. போன வாரம் பேசும்போது நீ எதற்கோ வாய்விட்டுச் சிரித்தாய். நம் வீட்டில் அப்படிச் சிரித்து எத்தனை நாள் இருக்கும் என்று யோசித்துப் பார்த்தேன், ஞாபகம் வரவில்லை. வேறு எதையெல்லாம் கவனிக்காமல் விட்டேனோ தெரியவில்லை. கேட்கவும் பயமாக இருக்கிறது.

நீ எங்கே இருந்தாலும் உன் மூச்சு தடையில்லாமல் இருக்கட்டும். இந்த வீட்டை விட்டு நீ போனதற்கு அந்த இருமலைத் தவிர வேறு காரணம் இருந்திருக்கக் கூடாது என்று வேண்டிக்கொண்டு முடிக்கிறேன்.

இப்படிக்கு,
உன் வீட்டுக்காரன்